முதலில் யாரிடம் சொல்வது?

(கல்லூரி ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரை)



தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமை மாணவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அமெரிக்கக் கதையெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கதை. அங்கே நடந்தவற்றுக்கு நீதிமன்ற ஆவணம் இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது, பல்கலைக்கழக விதி இருக்கிறது. எடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது. இங்கே நடப்பவை பெரும்பாலும் விடுதி வராந்தாவோடு முடிந்துபோகின்றன. அவை ஏன் எழுத்தில் ஏறுவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடித்தான் நான் அங்கே போகிறேன்.

வயோமிங், அமெரிக்காவில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலம். அங்கே லாரமி என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம். 1998இல் மாத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் அங்கே அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தார். வயது 21. உயரம் ஐந்தடி இரண்டங்குலம், மெலிந்த தேகம். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை அவர் ஒளித்து வைக்கவில்லை. அக்டோபர் 6ஆம் தேதி மாலை பல்கலைக்கழகத்தின் பால்புதுமை மாணவர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, அடுத்து வரவிருந்த விழிப்புணர்வு வாரத்துக்கான ஏற்பாடுகளைப் பேசிவிட்டு வந்தார். இரவு ஊருக்குள் இருந்த ஒரு மதுக்கூடத்துக்குப் போனார். அங்கே பழகிய இரண்டு உள்ளூர் இளைஞர்கள் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே ஒரு மரவேலியில் கட்டி, துப்பாக்கியின் பிடியால் தலையில் அடித்து நொறுக்கினார்கள். பணப்பையையும் காலணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உறையும் குளிரில் சுமார் 18 மணி நேரம் அவர் அங்கேயே கிடந்தார். மறுநாள் மாலை சைக்கிளில் அந்தப் பக்கம் வந்த ஒரு மாணவருக்குத் தூரத்திலிருந்து பார்க்கும்போது அது சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி தெரிந்தது. கிட்டே போனபிறகுதான் ஆள் என்று தெரிந்தது.

பக்கத்து மாநிலமான கொலராடோவில், போர்ட் காலின்ஸ் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலே அக்டோபர் 12 அதிகாலையில் இறந்தார். அதே நாளில்தான் வயோமிங் பல்கலைக்கழகத்தில் விழிப்புணர்வு வாரத்தின் சிறப்புரை. பேச வந்தவர் எழுத்தாளர் லெஸ்லியா நியூமன். கொலையாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒருவருக்கு மரண தண்டனை கேட்க வாய்ப்பிருந்தும் ஷெப்பர்டின் பெற்றோர் டென்னிஸும் ஜூடியும் அது வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த செய்தி. இதைச் சுற்றி நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசிரியர்களாகிய நாம் கொலையைவிட இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஷெப்பர்ட் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, அதே போர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹோம்கமிங் ஊர்வலம் நடந்தது. பழைய மாணவர்கள் திரும்பி வரும் திருவிழா அது. அலங்கார ஊர்திகள் போகும். மாணவர் குழுக்கள் சேர்ந்து செய்த ஓர் ஊர்தியில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று இருந்தது. ஷெப்பர்டைக் கண்டெடுத்தவர் அவரைப் பொம்மை என்று நினைத்த செய்தி அதற்குள் பத்திரிகைகளில் வந்துவிட்டிருந்தது. அந்தப் பொம்மையின் மேல் தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டும் வசவுகளை எழுதி ஊர்வலத்தில் கொண்டுபோனார்கள். பின்னால் கண்டனம் எழுந்தது, நடவடிக்கையும் வந்தது.

கொலை செய்த இருவரும் மாணவர்கள் இல்லை. அந்த ஊர்தியைச் செய்தவர்கள் மாணவர்கள். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கக் கூடியவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிரிப்பாக இருக்கும் என்று நினைத்துச் செய்திருப்பார்கள். ஆனால் அன்று அந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒரு முதலாமாண்டு மாணவரோ மாணவியோ நின்றிருந்தால், அவர் என்ன கற்றுக்கொண்டிருப்பார்? நாளைக்குத் தன்னை ஒருவன் மிரட்டினால், தள்ளிவிட்டால், அதைப் போய் யாரிடம் சொல்வார்? ஊர்தியில் நின்றவர்களில் ஒருவன் பக்கத்து அறைக்காரனாக இருக்கலாம். வகுப்புத் தலைவனாக இருக்கலாம். சாதாரணத் திருட்டில் பாதிக்கப்படுபவர் ஒருவர். வெறுப்புக் குற்றத்தில் அடி விழுவது ஒருவர் மேல், ஆனால் அதன் செய்தி அவரைப் போன்ற எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. பல்கலைக்கழகம் மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டியது அந்த எல்லோருக்கும்தான்.

லாரமியில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் அதே வாரக் கடைசியில் ஹோம்கமிங் ஊர்வலம் இருந்தது. அதன் வாலில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு ஷெப்பர்டுக்காக நடந்தார்கள். கொஞ்சம் பேராகத் தொடங்கியது, வழியோரம் நின்றவர்கள் இறங்கிச் சேர்ந்துகொள்ள, நீண்டுகொண்டே போனது. அடுத்த ஆண்டு வழக்கு விசாரணையின்போது, வெறுப்பு வாசகங்களைத் தூக்கிக்கொண்டு கான்சாஸிலிருந்து ஒரு தேவாலயக் குழு வந்தது. ஷெப்பர்டின் தோழி ரொமெய்ன் பாட்டர்சனும் நண்பர்களும் வெள்ளைத் துணியில் தேவதைச் சிறகு தைத்துக் கட்டிக்கொண்டு, அந்தக் குழுவுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். அகலமான சிறகுகள் அந்த வாசகங்களை மறைத்துவிட்டன. ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நான் வீரம் என்று மட்டும் சொல்லிக் கடக்க விரும்பவில்லை. நிர்வாகம் எதுவும் செய்யாத இடத்தில்கூட மாணவர்கள் தங்களுக்குள் ஒரு பாதுகாப்பைக் கட்டிக்கொள்வார்கள் என்பதற்கு இது சாட்சி. அதைக் கெடுக்காமல் இருந்தாலே நிர்வாகத்துக்குப் புண்ணியம்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர், இந்தக் கொலைக்குப் பின்னால் போதைப்பொருள் விவகாரமும் இருந்தது என்று ஒரு புத்தகம் எழுதினார். வழக்கை விசாரித்த காவல் அதிகாரிகள் அதை மறுத்தார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கொலையாளியின் மனதுக்குள் எத்தனை காரணங்கள் இருந்தாலும், வேலியோரத்துச் செய்தியைக் கேட்ட மாணவர்களுக்கு வந்த பயத்துக்கு ஒரே காரணம்தான் இருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வெறுப்புக் குற்றச் சட்டம் அப்போது இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. தவிர, தாக்கப்பட்டவர் அந்நேரம் வாக்களிப்பது, அரசுக் கல்வி நிலையத்தில் படிப்பது போன்ற குறிப்பிட்ட செயல்களில் ஈடுபட்டிருக்க வேண்டும். வேலியோரம் அதில் வராது. 1999இல் வயோமிங் மாநிலத்திலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். கீழவையில் 30-க்கு 30 என்று வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து தோற்றது. தேசிய அளவில் சட்டம் மாற 2009 அக்டோபர் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1998இல் டெக்சாஸில் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜேம்ஸ் பேர்ட் பெயரும் ஷெப்பர்ட் பெயரும் சேர்ந்து அந்தச் சட்டத்துக்கு வைக்கப்பட்டன. ஒபாமா கையெழுத்திட்டார். பதினொரு ஆண்டுகள். ஷெப்பர்டோடு கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பார்கள்.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கல்லூரி, சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது, வந்தபிறகு அதைச் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அங்கே கிளெரி சட்டம் என்று ஒன்று 1990 முதல் இருக்கிறது. 1986இல் தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்ற மாணவியின் பெற்றோர் போராடிப் பெற்றது. பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்தில் நடந்த குற்றங்களை ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். பாலீர்ப்பு காரணமாக நடந்த குற்றங்களையும், 2013 திருத்தத்துக்குப் பிறகு பாலின அடையாளம் காரணமாக நடந்தவற்றையும் தனியே காட்ட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தக் கணக்கு வளாகம், அதை ஒட்டிய பொது இடம், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வெளிக் கட்டடம் என்று எல்லை போட்டுக்கொள்கிறது. அந்த எல்லையை வைத்துப் பார்த்தால், உலகத்துக்கே தெரிந்த அந்த லாரமிக் கொலை பல்கலைக்கழகத்தின் குற்றக் கணக்கில் ஒரு எண்ணாகக்கூட ஏறாது. நடந்தது வேலியோரத்தில், வளாகத்துக்கு வெளியே.

எண்ணிக்கையில் இன்னொரு வம்பு உண்டு. அறிக்கையில் பூஜ்யம் போட்டிருக்கிற கல்லூரி பாதுகாப்பான கல்லூரியா, யாரும் வாயைத் திறக்காத கல்லூரியா என்று பூஜ்யத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சூசன் ராங்கின் என்ற ஆய்வாளரும் கேம்பஸ் பிரைடு அமைப்பும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். தன்பாலீர்ப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார். அவர்களில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? எழுதிக் கொடுத்தால் முதலில் வெளியே வருவது குற்றம் செய்தவனின் பெயரா, குற்றத்துக்கு ஆளானவரின் ரகசியமா? நான் பேச வந்த விஷயம் இந்தக் கேள்விதான்.

இதற்கு லாரமியைவிட நியூஜெர்சியில் நடந்தது பொருத்தமான எடுத்துக்காட்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், 2010 செப்டம்பர். டைலர் கிளெமென்டி என்ற 18 வயது மாணவர் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயலின் வாசிப்பவர். வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் தன் ஈர்ப்பைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லியிருந்தார். செப்டம்பர் 19 இரவு, ஒரு நண்பர் வருகிறார், அறை தனக்கு வேண்டும் என்று அறைத்தோழரிடம் கேட்டார். அறைத்தோழர் எதிர் அறைக்குப் போய், தன் கணினியின் கேமராவை அங்கிருந்தபடியே இயக்கிப் பார்த்தார். பார்த்ததை ட்விட்டரிலும் எழுதினார். 21ஆம் தேதி மறுபடியும் பார்க்கலாம் என்று மற்றவர்களுக்கும் அழைப்பு விடுத்தார்.

டைலர் அதைப் படித்துவிட்டார். படித்தபிறகு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். நாம் மாணவர்களுக்கு எதைச் செய்யச் சொல்லி அறிவுரை கொடுக்கிறோமோ, அதையேதான் செய்தார். அறை மாற்றம் கேட்டு இணையதளத்தில் விண்ணப்பித்தார். அங்கே விடுதியில் மாடிக்கு ஒரு மூத்த மாணவரைப் பொறுப்பாக வைத்திருப்பார்கள், ஆர்.ஏ. என்பார்கள். அவரிடம் நேரில் போய்ச் சொன்னார். எழுத்தாகவும் மின்னஞ்சல் அனுப்பினார். இது 21ஆம் தேதி இரவு. 22ஆம் தேதி மாலை ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து இறந்துபோனார்.

ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கக் கூடாது. அவர் மனதில் என்ன இருந்தது என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது. ஆர்.ஏ.யும் கேட்டதைக் கேட்காமல் விடவில்லை, எழுதி வாங்கினார். விண்ணப்பம் இருந்தது, படிவம் இருந்தது, பொறுப்பாளர் இருந்தார், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் வேண்டியது, "இன்றிரவே வேறு அறை, சாவி இந்தா" என்று சொல்லும் அதிகாரம் உடைய ஒருவர். படிவம் அலுவலக வேகத்தில் நகரும். அவமானம் வேறு வேகத்தில் நகரும். அதே செப்டம்பரில்தான் டான் சாவேஜ் என்ற எழுத்தாளர், வளரும் பால்புதுமைப் பிள்ளைகளுக்கு "போகப்போக எல்லாம் சரியாகும்" என்று நம்பிக்கை சொல்லும் காணொளி இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். பல பேருக்கு அது ஆறுதலாக இருந்தது உண்மை. ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தன் அறைக்குள் போகப் பிடிக்காமல் நடைபாதையில் நிற்கிறவருக்கு எதிர்காலத்தைப் பற்றிய ஆறுதலால் என்ன பயன்? அவருக்கு ஒரு கட்டில் வேண்டும்.

அறைத்தோழர் இந்தியாவில் பிறந்து அங்கே வளர்ந்தவர். இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருந்தார். நாடு கடத்துவார்கள் என்ற பேச்சு வந்ததும் நியூஜெர்சி இந்தியர்கள் பலர் அவருக்காகத் திரண்டார்கள். அவரும் பதினெட்டு வயதுப் பிள்ளைதானே, பத்தாண்டுச் சிறை கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் சிலருமே கடும் தண்டனை வேண்டாம் என்றார்கள். 2012இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 30 நாள் சிறை, அதிலும் 20 நாளில் வெளியே வந்தார். 2016இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. கடைசியில் அந்தரங்கத்தில் தலையிட முயன்றதாக ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. ஆறு ஆண்டுகள் நாடே பார்த்த வழக்கு. எத்தனை ஆண்டு தண்டனை என்பதைப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட, அறை மாற்றுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை யாரும் பேசவில்லை.

ரட்கர்ஸ் பேசியது என்று சொல்ல வேண்டும். 2011 இலையுதிர்காலம் முதல் பாலினம் பாராமல் யாரோடு தங்குவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கும் விடுதிப் பகுதிகளைத் திறந்தது. பின்னர் டைலர் பெயரிலேயே ஓர் ஆய்வு மையமும் வந்தது. பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி அவர் பெயரில் தேசியச் சட்டம் ஒன்று பலமுறை முன்மொழியப்பட்டது. இதுவரை நிறைவேறவில்லை.

மையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1971இலேயே பால்புதுமை மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். அமெரிக்காவில் அதுதான் முதலாவது. அதில் முக்கியமான விஷயம், சம்பளத்துக்கு ஆள் இருந்தது. கதவைத் தட்டினால் திறக்க ஒருவர், வேலை நேரம், தொலைபேசி. அந்த ஆளுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கிடையாது. அதனால்தான் மாணவர்கள் அங்கே போனார்கள். தேர்வு எழுத விடாமல் செய்யக் கூடியவரிடம் யார் போய் மனம் திறப்பார்கள்? பிறகு, பேராசிரியர் அறைக் கதவில் வானவில் ஒட்டி ஒட்டும் பழக்கமும் வந்தது. இங்கே நீ பேசலாம் என்று பொருள். அரைநாள் பயிற்சி கொடுத்து ஒட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒட்டி இருக்கிற கதவுக்குள் போகிறவனை வராந்தாவில் நாலு பேர் பார்ப்பார்களே!

மறுபக்கம், மிகையாகப் போனதால் கெட்டதும் உண்டு. மனம் புண்படும்படி யாராவது பேசினால் புகார் கொடுக்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் தனிக் குழுக்கள் அமைத்தன. வகுப்பில் சொன்ன அசட்டுக் கருத்தும் இருட்டில் விழுந்த அடியும் ஒரே பதிவேட்டில் ஏறின. பேச்சுரிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, மிச்சிகன் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. இப்போது காற்று இன்னும் வேறு பக்கம் அடிக்கிறது. டெக்சாஸிலும் யூட்டாவிலும் புதிய மாநிலச் சட்டங்களால் 2024இல் மாணவர் மையங்கள் மூடப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாகக் கட்டியதைக் கலைக்க ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடர் போதுமாக இருக்கிறது. ஆகவே, அமெரிக்காவைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன்.

கல்லூரி வன்முறை என்றால் நமக்கு உடனே நினைவு வருவது ராகிங். 1996 நவம்பரில் அண்ணாமலை நகரில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா பதினொரு ஆண்டில் செய்ததை நாம் சில மாதங்களில் செய்தோம். இன்று எந்தக் கல்லூரியிலும் ஆண்டுக்கு ஒருமுறை மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கிறார்கள், நுழைவாயிலில் பலகை இருக்கிறது. ராகிங் என்பதன் வரையறையில் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு திருத்தம் செய்தது. சாதி, மதம், நிறம், மொழி ஆகியவற்றோடு திருநர் அடையாளத்தையும் பாலீர்ப்பையும் காரணமாக வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங்தான். உங்கள் கல்லூரிப் பலகையில் அந்த வரி இருக்கிறதா? நான் பார்த்த பலகைகளில் இல்லை. நடக்கிற பாணியைக் கிண்டல் செய்வது, குளியலறை வரிசையில் சீண்டுவது, குரலைப் போலிசெய்து கூப்பிடுவது எல்லாம் 'ஜாலி' என்ற கணக்கில் போய்விடுகின்றன.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பாலியல் தொல்லை தொடர்பான மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் பெண்களுக்கானவை என்றுதான் நினைக்கிறோம். ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதை அந்த விதிகளே ஒப்புக்கொள்கின்றன, அவர்களுக்காகவும் நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. உங்கள் உள்புகார்க் குழு உறுப்பினர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஏனென்றால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் ஆண்கள் மீதான வன்புணர்வுக்கும் பயன்பட்ட பழைய 377ஆம் பிரிவு முழுவதுமாக இல்லை. ஒரு மாணவனை இன்னொரு ஆண் வன்புணர்ந்தால் அதற்கென்று நேரான பிரிவு கிடையாது. காவல் நிலையம் கைவிரிக்கக் கூடிய இடத்தில் கல்லூரியின் குழுவாவது இருக்க வேண்டும்.

விதி இருந்தும் புகார் ஏன் வருவதில்லை? காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். விடுதியில் ஏதாவது பிரச்சினை என்றால் நாம் சொல்கிற முதல் வாக்கியம், "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா."

சாதாரணத் தகராறுக்கு அது பொருந்தலாம். தன்னைப் பற்றி வீட்டில் சொல்லாத பிள்ளைக்கு அந்த வாக்கியம் எதிராளியின் அடியைவிட மோசம். புகார் கொடுத்தால் காப்பாளருக்குத் தெரியும், துறைத்தலைவருக்குத் தெரியும், பிறகு அப்பாவுக்குத் தெரியும். அடித்தவனுக்கு எச்சரிக்கை, அடிபட்டவனுக்கு மாற்றுச் சான்றிதழ். படிப்பு நின்றுவிடும். பெண் பிள்ளை என்றால் அந்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். மனநல மருத்துவரிடமோ மந்திரவாதியிடமோ கூட்டிப்போகிறவர்களும் உண்டு. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர்நீதிமன்றத்தில் பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை 'மாற்றுகிறோம்' என்று செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை விதித்தது. அந்த வழக்கே மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்களைப் பற்றியது. பெற்றோர் கொடுத்த 'காணவில்லை' புகாரை வைத்துக் காவல்துறை அவர்களைத் தொடர்ந்தது. வீடு சிலருக்கு எதுவாக இருக்கிறது என்பதை அந்த வழக்குக் கட்டில் படிக்கலாம்.

பாதிக்கப்பட்டவரையே தண்டிப்பதில் நம் நிறுவனங்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. 2010 பிப்ரவரியில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் தன்பாலீர்ப்பாளரான மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். மறுநாளே பல்கலைக்கழகம் பணியிடை நீக்கம் செய்தது பேராசிரியரை. அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தன் அறையில் இறந்துகிடந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ரட்கர்ஸ். இரண்டு கண்டங்களில், ஒரே ஆண்டில், கேமராவோடு எட்டிப் பார்த்தவர்கள்.

செய்யக் கூடியது என்ன என்று கேட்பீர்கள். நான் பெரிய திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு விடுதியிலும் விருந்தினர் அறை என்று ஒன்று பூட்டியே கிடக்கும், ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தால் திறப்பதற்கு. மூன்று பேர் தங்கும் அறையில் ஐந்து பேரை அடைத்து வைத்திருக்கும்போது தனி அறைக்கு எங்கே போவது என்று அங்கே ஒரு காப்பாளர் சிரிக்கிறார், தெரிகிறது. அந்த விருந்தினர் அறைக்குத்தான் போகலாம். பயந்து வந்து நிற்கிற பிள்ளைக்கு அன்றிரவே அதைத் திறந்துவிட இரவுப் பணியில் இருப்பவருக்கே அதிகாரம் கொடுத்து முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். காரணம் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

காரணம் என்றதும் நினைவு வருகிறது. நம் அறை மாற்று விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பி, வகுப்பு ஆசிரியர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பிறகு விடுதி எழுத்தர் மேசை. எழுத்தர் படிப்பார், பக்கத்து எழுத்தர் படிப்பார், சாயங்காலத்துக்குள் உணவகத்தில் பேச்சாகிவிடும். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அல்லது 'நேரில் சொல்கிறேன்' என்று எழுதினால் போதும் என்று வையுங்கள். மாணவர் யாரிடம் நேரில் சொல்லலாம் என்பதற்கு, மதிப்பெண்ணோடும் ஒழுங்கு நடவடிக்கையோடும் சம்பந்தம் இல்லாத ஒரு ஆலோசகரை நியமியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலும் சரி. அவர் அறை முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே இருக்க வேண்டாம், உடல்நல மையத்தின் பக்கம் இருக்கட்டும். அங்கே போகிறவருக்குத் தலைவலி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பியவர் சம்மதம் இல்லாமல் அவருடைய ஈர்ப்பையோ அடையாளத்தையோ பெற்றோரிடம் சொல்வதில்லை என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும். அப்போதும் உடல்நிலையைச் சொன்னால் போதும், வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால்? உடனே காவல்துறைக்குப் போக வேண்டும். ராகிங் விதிப்படி குற்ற முகாந்திரம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு வழிசெய்ய வேண்டியது நிறுவனத் தலைவரின் கடமை. அதோடு, அன்றைக்கே முதல்வர் பேச வேண்டும். 'விரும்பத்தகாத சம்பவம்' என்று நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம், சுற்றறிக்கைகளில் எல்லாவற்றுக்கும் அதுதான். மின்வெட்டுக்கும் அதே சொல், அடிதடிக்கும் அதே சொல். பாதிக்கப்பட்டவர் யார் என்று சொல்லாமலே, இன்ன காரணத்துக்காக ஒரு மாணவர் தாக்கப்பட்டார், இது இந்தக் கல்லூரியில் குற்றம் என்று இரண்டு வரி எழுத முடியும். போர்ட் காலின்ஸ் ஊர்வலத்தை வழியோரம் நின்று பார்த்த அந்த முதலாமாண்டு மாணவரைப் போல் ஒருவர் நம் வளாகத்திலும் இருப்பார். அவர் படிக்கப் போகும் இரண்டு வரி அது.

தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பலகையில் பாலீர்ப்பையும் திருநர் அடையாளத்தையும் சேர்த்து எழுதும்போது இந்த எண்ணையும் கீழே பெரிதாகப் போடுங்கள். மற்றவற்றை வரிசையாக விவாதிக்கலாம். அறை இல்லை என்று சிரித்த காப்பாளர் முதலில் பேசட்டும், அவரிடம் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.